அடைக்கலம் தருவோர் கடன்

தன்னை நாடி வந்தவனைக் காத்தல் என்னும் அறத்தை நம் முன்னோர் ஏனைய அறங்களுக்கு மேலாக வைத்துப் போற்றினர். புறாவின் பொருட்டுத் தன் தசையை அரிந்து தந்த சிபியின் கதையைச் சிறு வயதிலேயே கேட்டு வளர்ந்தவர் நாம். ஸ்ரீமத் ராமாயணத்தில் விபீஷணன் சரண் புகும் கட்டத்தைப் பெரியோர் பல நாள் உபந்யாஸமாக விரித்துரைப்பது வழக்கம். ஆயினும் அக்கட்டத்தில் ஒரு செய்தி அதிகம் பேசப்படுவதில்லை. புகல் அளித்ததோடு காரியம் அங்கே நின்றுவிடவில்லை. கடலைக் கடப்பது எவ்வாறு என்னும் யோசனை, புதிதாக வந்து சேர்ந்த அந்த விபீஷணனிடமே கேட்கப்படுகிறது. சற்று முன்வரை பகைவனின் தம்பி; பின்பு அடைக்கலம் புகுந்தவன்; உடனே ஆலோசனை கூறும் நிலையில் அமர்த்தப்படுகிறான். காக்கப்படுவோனுக்கும் ஒரு கருத்து உண்டு, அது கேட்கத் தக்கது என்பது அங்கே சொல்லாமற் சொல்லப்படுகிறது.

இக்காலத்தில் அடைக்கலம் தரும் பொறுப்பைத் தனி மனிதர் ஏற்பது அருகி, இல்லங்கள் ஏற்றுள்ளன. பெற்றோரை இழந்த குழந்தைகள், பெற்றோர் இருந்தும் வறுமையால் விடப்பட்ட குழந்தைகள், மனநோயுற்றோர், உடற்குறையுடையோர், துணையற்ற முதியோர் ஆகிய பலருக்கும் இன்று இல்லங்கள் உள்ளன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் நிறுவிய அவ்வை இல்லமும், காமராஜரின் ஆதரவோடு 1949-இல் தோன்றிய பால மந்திரும் சென்னை நகருக்குப் பெருமை சேர்த்தவை. இத்தகைய இல்லங்களால் வாழ்வு பெற்றோர் பலர். ஆகவே இல்லம் என்னும் அமைப்பையே குறை கூறுவது நம் கருத்தன்று. ஒரே ஒரு வினாவை மட்டும் எடுத்துக்கொள்வோம். சோறும், ஆடையும், கூரையும் அளித்தபின், அடைக்கலம் தந்தவனின் கடன் தீர்ந்துவிடுகிறதா?

தீர்ந்துவிடுகிறது என்போர் பலர். "தெருவில் கிடந்தவனுக்கு இதுவே அதிகம்" என்று வெளிப்படையாகக் கூறாவிடினும், அவ்வெண்ணம் உள்ளூர இருப்பதை நடைமுறையில் காணலாம். இவ்வெண்ணம் ஏன் பிழையானது என்பதற்கு முதற் காரணம் எளிது. சத்திரத்தில் தங்கிய வழிப்போக்கன் உணவு சரியில்லையெனில் மறுநாள் வேறிடம் செல்வான். விடுதியில் பயிலும் மாணவன் தன் தந்தைக்கு எழுதுவான். தந்தை வந்து காப்பாளரைக் கேட்பார். இல்லத்துக் குழந்தைக்கோ, சிந்தை கலங்கிய பெண்ணுக்கோ இவ்விரண்டும் இல்லை. வேறிடம் செல்ல இயலாது; முறையிட ஆள் இல்லை. பிறர் கண் படாத இடத்தில் எவ்வாறு நடந்துகொள்கிறோமோ அதுவே நம் உண்மையான ஒழுக்கம் என்பர். அத்தகைய இடம் ஒன்று இருபத்து நான்கு மணி நேரமும், ஆண்டு முழுவதும் நடைபெறுவது இல்லங்களிலேதான். கேட்க இயலாதவனுக்குக் கடன் பட்டவன், கேட்கக் கூடியவனுக்குக் கடன் பட்டவனைவிட அதிகமாகவே கட்டுப்பட்டவன்.

இரண்டாவது காரணம் அனுபவத்தால் அறியப்பட்டது. ரெனே ஸ்பிட்ஸ் என்னும் மருத்துவர் 1945-இல் இரு வகைக் குழந்தைகளை ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார். ஒரு வகையினர் சிறைச்சாலையை ஒட்டிய குழந்தைக் காப்பகத்தில், தண்டனை பெற்ற தாய்மாராலேயே வளர்க்கப்பட்டவர். மற்றொரு வகையினர் பெற்றோரால் கைவிடப்பட்டோர்க்கான இல்லத்தில் வளர்ந்தவர். பின்னதில் உணவுக்குக் குறைவில்லை, மருத்துவர் தவறாது வருவார், தூய்மைக்கும் குறைவில்லை. ஆனால் ஏறத்தாழ எட்டுக் குழந்தைகளுக்கு ஒரு தாதி. தொட்டில்களின் பக்கங்களில் துணி தொங்கவிடப்பட்டிருந்தமையால், படுத்திருக்கும் குழந்தை விட்டத்தைத் தவிர வேறொன்றையும் காண வழியில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் அவ்வில்லத்துக் குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் மாண்டனர். சிறைக் காப்பகத்தில் அத்தகைய சாவு நேரவில்லை. குற்றவாளி எனப்பட்ட தாயின் மடி, குற்றமற்ற கட்டடத்தைவிட உயிரைக் காத்தது.

ஸ்பிட்ஸின் ஆய்வுமுறையில் குறைகள் உண்டெனப் பின்வந்தோர் கூறினர். அது உண்மையே. ஆயினும் ருமேனியா நாட்டில் நிகழ்ந்தது அவ்வையத்தைப் பெரிதும் நீக்கிவிட்டது. மக்கள்தொகையைப் பெருக்க வேண்டும் என்று 1966-இல் அந்நாட்டு அரசு கருச்சிதைவைத் தடை செய்தது. வளர்க்க வகையற்ற பெற்றோர் குழந்தைகளை அரசு இல்லங்களில் விட்டனர். "பெற்றோரைவிட அரசு நன்கு வளர்க்கும்" என்பது அன்றைய ஆட்சியின் கொள்கை. 1989 டிசம்பரில் அவ்வாட்சி வீழ்ந்தபோது, ஓரிலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இல்லங்களில் இருந்தனர். பின்னர் அமெரிக்க அறிஞர் சிலர், 2000-ஆம் ஆண்டையொட்டி, தலைநகர் புக்கரெஸ்டின் இல்லங்களிலிருந்து 136 சிறு குழந்தைகளைத் தேர்ந்து, சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் ஒரு பாதியினரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தனர். குடும்பத்திற் சேர்ந்தவர் அறிவிலும், பேச்சிலும், பிறரோடு பழகுவதிலும் தேறினர். இரண்டு வயது நிறையும் முன் சேர்ந்தோர் மிகுதியும் தேறினர். மூளையின் மின்னலைகளிலேகூட வேறுபாடு காணப்பட்டது.

அவ்வில்லங்களுக்குச் சென்று வந்தவர்கள் ஒரு செய்தியைத் திரும்பத் திரும்பக் குறித்துள்ளனர். குழந்தைகள் நிறைந்த அறைகள் அமைதியாக இருந்தனவாம். அழுகுரலே இல்லை. "அழுத பிள்ளை பால் குடிக்கும்" என்பது நம் பழமொழி. அழுகையைக் கேட்க ஒருத்தி இருக்கிறாள் என்பது அப்பழமொழிக்குள் அடங்கிய நம்பிக்கை. பால் அழுகைக்கு வாராமல் கடிகாரத்துக்கு வந்தால், அழுவதால் பயனில்லை என்பதைக் குழந்தை சில திங்களிலேயே கற்றுக்கொள்கிறது. பார்வையிட வரும் பெரிய மனிதர்கள், "எவ்வளவு ஒழுங்கான குழந்தைகள்!" என்று வியந்து செல்வர். அந்த ஒழுங்கைக் கண்டால் அஞ்சவேண்டும்.

குழந்தைகளைப் பற்றிச் சொன்னது வளர்ந்தோர்க்கும் பொருந்தும். அதற்கு வேற்று நாடு செல்ல வேண்டுவதில்லை. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நாடி வந்தால் நோய் நீங்கும் என்னும் நம்பிக்கையோடு மனநோயுற்றோரை உற்றார் கொண்டுவந்து விடுவது நெடுங்கால வழக்கம். அவ்வூரில் தனியார் பலர் காப்பகங்கள் நடத்திவந்தனர். 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் விடியற்காலையில் அத்தகைய காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகையில் தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். 28 பேர் இறந்தனர். உச்ச நீதிமன்றம் தானாகவே இவ்விஷயத்தை எடுத்து விசாரித்தது. அங்கிருந்த தனியார் காப்பகங்கள் மூடப்பட்டன. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயுற்றோரை எவ்வகையிலும் சங்கிலியிடுதல் கூடாது என்று விதித்துள்ளது.

நடத்தியவர்கள் கொடியவர் என்று சொல்லிக் கடந்துவிட்டால் இந்நிகழ்ச்சியால் நாம் கற்பது ஒன்றுமில்லை. சங்கிலிக்கும் ஒரு நியாயம் சொல்லப்பட்டது. அவிழ்த்துவிட்டால் ஓடிப்போவார்கள், கடலில் விழுவார்கள், சாலையில் அடிபடுவார்கள். இது முற்றும் பொய்யன்று. ஆனால் ஓடுபவனோடு உடன் நடக்க ஓர் ஆள் இருந்தால் சங்கிலி எதற்கு? ஆள் இல்லாத இடத்திற்கே சங்கிலி வருகிறது. சற்று ஆராய்ந்து நோக்கினால், இல்லங்களில் நாம் காணும் பல ஏற்பாடுகள் இவ்வகையினவே என்பது விளங்கும். பெயருக்குப் பதிலாக எண். தனித் துணிக்குப் பதிலாகப் பொது மூட்டையிலிருந்து கைக்கு வந்த சட்டை. பசிக்குப் பதிலாக மணியோசை. அனைவர்க்கும் ஒரே வகை மொட்டை. மாலை ஆறு மணிக்குப் பூட்டப்படும் கதவு. இவை யாவும் இல்லாத ஒரு மனிதனின் இடத்தை நிரப்ப வந்தவை. இரும்பாலானது ஒன்று, மற்றவை இரும்பாலாகாதவை, வேறுபாடு அவ்வளவே.

இவ்விடத்தில், திருக்கோயிலை நாடும் அன்பர்களுக்குப் பழக்கமான ஒன்றைக் கூற விரும்புகிறோம். அர்ச்சாவதாரத்தின் சிறப்பைச் சொல்லுமிடத்து, எம்பெருமான் அந்நிலையில் தன்னை அர்ச்சகனுக்கு முற்றும் ஆட்படுத்திக்கொள்கிறான் என்று ஆசார்யர்கள் அருளிச்செய்வர். நீராட்டினால் உண்டு, அமுது செய்வித்தால் உண்டு. வாய் திறந்து கேட்பதில்லை. கேட்பதில்லை என்பதற்காக எதையும் செய்யலாம் என்று எந்த ஆகமமும் கூறவில்லை. கோடைக்குச் சந்தனம், குளிருக்குப் போர்வை, துயிலெழ ஒரு பாட்டு, துயில ஒரு தாலாட்டு. காஞ்சியில் வரதனுக்கு மிளகும் சுக்கும் சேர்ந்த இட்டிலி. திருக்கண்ணபுரத்தில் இரவுக்கு முனியோதரன் பொங்கல். இந்த எம்பெருமானுக்கு இது உகப்பு என்று நூற்றாண்டுகளாக நினைவில் வைத்திருக்கும் சமூகம் நம்முடையது. நம் ஊர் இல்லத்தில் இருக்கும் பெரியவருக்குக் காரம் ஆகாது என்பதை யாரேனும் நினைவில் வைத்திருக்கிறார்களா என்று கேட்பது அபசாரம் ஆகாது.

பொருள் இல்லையே என்பர். இது கனமான மறுப்பு. தட்டிக் கழிக்கத் தக்கதன்று. நாற்பது குழந்தைகளும் இரண்டு ஆயாக்களும் உள்ள ஓர் இல்லத்தில், ஆயா என்ன செய்வாள்? அவளுக்கோ குறைந்த ஊதியம்; பகல் இரவு இரண்டும் அவள் தலையில். வெறும் கையாக நடத்தப்படுபவள், பிறரையும் வாய்களாகவும் வயிறுகளாகவும் நடத்துவதில் வியப்பில்லை. ஆனால் பொருள் இல்லை என்பதைவிட, பொருள் எங்கே போகிறது என்பதை நோக்குவது நன்று. கொடையாளர் கட்டடம் கட்டித் தருகிறார். வாயிலில் சலவைக்கல்லில் பெயர் பொறிக்கப்படுகிறது. மின்விசிறியின் இறக்கையிலும், குழல்விளக்கின் மேலும்கூடப் பெயர் உண்டு. ஓர் ஆயாவின் ஓராண்டு ஊதியத்தை ஏற்றுக்கொண்டு பெயர் பொறித்துக்கொண்டவரை நாம் கண்டதில்லை. ஊதியத்தின் மேல் பெயர் எழுத இடமில்லை போலும்!

பிறந்த நாளுக்கும் திதிக்கும் இல்லங்களில் அன்னதானம் செய்யும் வழக்கம் இப்போது பெருகியுள்ளது. நோக்கம் நல்லதே. ஆயினும் முகூர்த்த நாளில் ஒரே இல்லத்துக்கு மூன்று விருந்து வருகிறது. சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் ஒன்றும் இல்லை. கொடையாளர் வரும் வரை இலையின் முன் குழந்தைகள் காத்திருக்க வேண்டும். அவர் வந்தபின் பாட்டுப் பாட வேண்டும். படம் எடுத்துக்கொள்ள வேண்டும். முன்பின் அறியாத ஒரு குழந்தையின் பிறந்த நாளுக்கு வாழ்த்துக் கூறும் அச்சிறுவனுக்குத் தன் பிறந்த நாள் எது என்று தெரியாமலும் இருக்கலாம். இங்கே கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்பதே ஐயமாகிவிடுகிறது. புண்ணியம் தேட வந்தவருக்கு, பசித்த முகத்தைக் காட்டி உதவுபவன் அச்சிறுவனே அன்றோ? காப்பில் உள்ள குழந்தைகளின் அடையாளத்தையும் படத்தையும் ஊடகங்களில் வெளியிடுதல் கூடாது என்று 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் தடுத்துள்ளது. படம் எடுக்கும் அன்பர்கள் இதனை அறிந்துகொள்வது நலம்.

மற்றொன்றும் உண்டு. அநாதை இல்லம் என்று நாம் அழைக்கும் இடங்களில் உள்ள குழந்தைகளிற் பெரும்பாலோர் அநாதைகள் அல்லர். தாயோ தந்தையோ உயிரோடு உள்ளனர். கணவனை இழந்தவள், குடிகாரனிடம் சிக்கியவள், வேலை தேடி ஊர் ஊராக அலைபவள், "அங்கே இருந்தால் பிள்ளை மூன்று வேளை சாப்பிடும், பள்ளிக்கூடம் போகும்" என்று விட்டுச் செல்கிறாள். நாம் இல்லத்துக்குக் கொண்டுசென்ற அரிசி அவள் வீட்டுக்குப் போயிருந்தால், பிள்ளை அவளிடமே இருந்திருக்கும். இல்லத்திற் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்கவேண்டும் என்பது மேற்கூறிய சட்டத்தின் கொள்கைகளுள் ஒன்று. தாயோடு இருக்கும் குழந்தைக்கு உதவித்தொகை அளிக்கவும் அதில் வழி உண்டு. இது பலர் அறியாதது.

அதனால் குடும்பமே எப்போதும் புகலிடம் என்று கொண்டாடிவிடவும் கூடாது. ஏர்வாடியிற் பிணைக்கப்பட்டவர்களைக் கொண்டுவந்து விட்டவர் அவர்தம் குடும்பத்தாரே. அடிக்கும் தந்தையிடமிருந்து மீட்கப்பட்ட குழந்தைக்கு இல்லமே அபயம். ஆகவே வீடா, இல்லமா என்பதைவிட, அங்கே தன்னை அறிந்த ஒருவர் உண்டா என்பதே கேள்வி.

ஏர்வாடியைப் போலவே மனநோய் தீர யாத்ரிகர் வந்த ஊர் ஒன்று பெல்ஜியம் நாட்டில் உள்ளது. கீல் என்பது அதன் பெயர். டிம்ஃப்னா என்னும் பெண் அடியாரின் தேவாலயத்துக்கு இடைக்காலத்திலேயே நோயுற்றோரைக் கொண்டுவந்தனர். தேவாலயத்தில் தங்க இடம் போதாமற்போகவே, ஊரார் தத்தம் வீடுகளில் வைத்துக்கொண்டனர். அவ்வழக்கம் நிலைத்துவிட்டது. இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன்னர் 3,700-க்கும் மேற்பட்டோர் அவ்வாறு அவ்வூர்க் குடும்பங்களில் வாழ்ந்தனர். இன்று எண்ணிக்கை வெகுவாகக் குறைந்திருப்பினும் வழக்கம் அற்றுப்போகவில்லை. வந்தவரை அவர்கள் நோயாளி என்று அழைப்பதில்லை. வீட்டில் தங்கியிருப்பவர் என்றே சொல்வர். அவ்வூரார் தேவர்கள் அல்லர். தங்குவோருக்காகப் பணம் பெறுகின்றனர். முற்காலத்தில் வயலில் வேலையும் வாங்கினர். மருத்துவமனையும் அரசின் மேற்பார்வையும் பின்னே உண்டு. எனினும் ஒரே நம்பிக்கையோடு நோயாளர் வந்த இரண்டு ஊர்களில், ஒன்று வீட்டுத் திண்ணையைத் திறந்தது, மற்றொன்று கொட்டகை போட்டது என்பது சிந்திக்கத் தக்கது.

நம் நாட்டிலும் இது இயலாததன்று. வீடற்று அலைந்த மனநோயுற்ற பெண்களுக்காக 1993-இல் சென்னையில் தொடங்கிய பான்யன் என்னும் அமைப்பு, தன் இல்லத்தில் நெடுங்காலம் தங்கிவிட்ட பெண்களை நான்கைந்து பேராகச் சேர்த்து, சாதாரணத் தெருக்களில் வாடகை வீடுகளில் குடியமர்த்தும் முறையை 2015-ஐ ஒட்டித் தொடங்கியது. துணைக்கு ஓர் உதவியாளர் உண்டு. இன்று என்ன குழம்பு என்பதை அவர்களே முடிவு செய்கின்றனர். கடைக்குப் போகின்றனர், அண்டை வீட்டாரோடு பேசுகின்றனர், சமயத்தில் சண்டையும் இடுகின்றனர். பல ஆண்டுகள் பூட்டிய கதவுக்கு உள்ளே இருந்தவருக்குத் தன் வீட்டுக் கதவைத் தானே திறந்து தெருவைப் பார்ப்பது எத்தகையது என்பதை, வீட்டில் வாழும் நாம் எளிதில் ஊகிக்க இயலாது.

சட்டங்கள் பல உள்ளன. 1960-இல் அநாதை இல்லங்களை மேற்பார்வையிடும் சட்டம் வந்தது. பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளுக்கும் இல்லங்களுக்கும் தமிழ்நாட்டில் 2014-இல் ஒரு சட்டம் வந்தது. பதிவு, ஆய்வு, இத்தனை பேருக்கு இத்தனை கழிப்பறை என்பன எல்லாம் வேண்டியவையே. இவை இல்லாத இடத்தில் நேரும் கொடுமைகளைச் செய்தித்தாள்களிற் காண்கிறோம். ஆனால் கழிப்பறையை எண்ணும் அதிகாரி, நேற்றிரவு ஒரு சிறுமி உண்ணாமற் படுத்ததை எவரேனும் கவனித்தனரா என்பதை எண்ண முடியாது. 2016-ஆம் ஆண்டின் மாதிரி விதிகள், ஒவ்வோர் இல்லத்திலும் குழந்தைகள் குழு ஒன்று அமைத்து அவர்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்கின்றன. கடற்கரையில் விபீஷணனுக்குக் கிடைத்த ஆசனம் அது. பல இடங்களில் அது பதிவேட்டில் மட்டும் போடப்பட்டிருக்கும் என்று அஞ்சுகிறோம். உணவுப் பட்டியலை மாற்றும் அதிகாரமாவது அக்குழுவுக்கு உண்டா என்று இல்லத்துக்குச் செல்லும் அன்பர் கேட்டுப் பார்க்கலாம்.

பதினெட்டு வயது நிறைந்த சிறுவனைப் பற்றியும் ஒரு சொல். அன்றோடு அவன் சட்டப்படி குழந்தை அல்லன். இல்லத்தை விட்டுச் செல்ல வேண்டியவன். 21 வயது வரை உதவ விதிகள் இடம் தருகின்றன. அவ்வுதவி எல்லோர்க்கும் எட்டுவதில்லை. நம் வீட்டுப் பிள்ளை அவ்வயதில் வெளியூர்க் கல்லூரிக்குச் சென்றாலும் தீபாவளிக்கு வந்துவிடுவான். வரும் முன்னே அவனுக்குப் பிடித்த பட்சணம் தயாராகிவிடும். ஒரு தகரப் பெட்டியோடு இல்லத்தின் வாயிலைக் கடந்தவன், வேலை கிடைத்தால் முதல் ஊதியத்தை யாரிடம் காட்டுவான்? காய்ச்சல் வந்தால் யாருக்குச் சொல்லுவான்? இல்லத்திற்கே திரும்பி வந்தாலும், பழைய ஆயா வேலையை விட்டுப் போயிருப்பாள், புதிய காவலாளி, "யாரைப் பார்க்க வேண்டும்?" என்று கேட்பான். அதற்கு அவன் சொல்வதற்கு ஒரு பெயர் அவ்வில்லத்தில் இருக்கவேண்டும்.